ஒரு கிராம் கோரை மருந்து

வெட்டி மூன்று நாளான புல்தரையைத் தள்ளி நின்று பார்த்தாலே எது புல், எது கோரை என்று தெரிந்துவிடும். புல் வெட்டிய உயரத்தில் நிற்கும். கோரை அதற்குமேல் இரண்டு விரற்கடை எழும்பி, சற்று வெளிறிய பச்சையில் மினுங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பூந்தண்டைக் கிள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்க்கலாம். புல் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். கோரைத் தண்டு உருளாது, அதன் மூன்று விளிம்பும் விரலில் தட்டும். புல்தரைக் களை விஷயத்தில் காசு செலவில்லாத பரிசோதனை இது. தப்பினால் அதிகக் காசு போவதும் இதில்தான். உரக்கடையில் போய் "புல்லுக்குள்ள புல்லு முளைக்குது சார்" என்று சொன்னால் எடுத்துத் தரும் மருந்து ஒன்று, "கோரை" என்று சொன்னால் தரும் மருந்து வேறொன்று.

எங்கள் குடியிருப்பில் பல ஆண்டுகள் கோரையைக் கையால்தான் பிடுங்கினோம். ஐப்பசி மழை விட்டதும் நான்கைந்து பெண்கள் வந்து நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து களைக்கொத்தியால் நோண்டுவார்கள். மாலையில் தரை துடைத்துவிட்டது போல இருக்கும். மூன்றாவது வாரம் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். "பிடுங்கப் பிடுங்க இது குடும்பத்தோட வருது சார்" என்றார் தோட்டக்காரர். அவர் சொன்னதில் மிகை ஏதுமில்லை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் தனித்தனியாக இருப்பதில்லை. மெல்லிய கம்பி போன்ற தண்டால் கோர்த்த சரமாகக் கிடக்கின்றன. சரத்தின் நுனியில் உள்ள கிழங்கு முளைத்திருக்கும்வரை பின்னால் இருப்பவற்றில் பல உறங்கும். கொத்தி இழுக்கும்போது சரம் அறுகிறது, நுனிக்கிழங்கின் அதிகாரம் போகிறது, உறங்கியவை எழுந்துகொள்கின்றன. பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் அதற்குக் கீழேயும் சில உண்டு. களைக்கொத்தி அவ்வளவு ஆழம் போவதில்லை.

ஹோம் முதலிய களையியலாளர்கள் 1977-ல் வெளியிட்ட 'உலகின் மிக மோசமான களைகள்' என்ற நூலில் கோரைக்குத்தான் முதலிடம். இரண்டாம் இடம் எதற்கு என்று பார்த்தால் சிரிப்பு வரும்: அருகம்புல்லுக்கு. நம் ஊர் மைதானங்களிலும் தோட்டங்களிலும் காசு கொடுத்துப் பதிக்கிறோமே, அதே அருகுதான். புல்தரைக் களை மேலாண்மை என்று கௌரவமாகச் சொல்வது, உலகின் முதல் களைக்கும் இரண்டாம் களைக்கும் நடக்கும் சண்டையில் இரண்டாவதன் பக்கம் நிற்பதுதான். பருத்திக்காட்டுக்காரர் அருகைக் கொல்ல மருந்து தேடுகிறார், கிரிக்கெட் மைதானக்காரர் அருகைக் காப்பாற்ற மருந்து தேடுகிறார். ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்லும் களைக்கொல்லி என்ற எண்ணமே இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அந்த எண்ணம் உருப்பெற்றது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்வாளர்கள் தாவர வளர்ச்சி ஹார்மோனைப் போலி செய்யும் ஒரு சேர்மத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதுதான் 2,4-டி, நம் உழவர் வாயில் 'டூ ஃபோர் டி'. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் மார்த், மிட்செல் என்ற இருவர் 1944-ல் இதைப் புல்தரையில் தெளித்தபோது, அந்த ஊர் லான்களின் தலைவலியான டான்டிலியன் செத்தது, புளூகிராஸ் புல் பிழைத்தது. உலகை மாற்றிய இந்த மருந்தின் ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று வயலில் நடக்காமல் வீட்டுப் புல்தரை மாதிரியான ஒரு இடத்தில் நடந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்துவிட்டது.

புல் ஏன் பிழைத்தது? புல்லுக்கு அது விஷமே இல்லை என்பதல்ல காரணம். புல் அந்த மூலக்கூறை வேகமாக மாற்றி, சர்க்கரையோடு கட்டிப் பயனற்றதாக்கி ஒதுக்கிவிடுகிறது. அகன்ற இலைச் செடிகளுக்கு அந்த வேகம் இல்லை. தண்டு முறுக்கி, இலை சுருண்டு, வளரத் தெரியாமல் வளர்ந்தே சாகின்றன. கோரை மருந்தான ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் வேறு வழியில் போகிறது. தாவரம் சில அமினோ அமிலங்களைச் செய்ய வைத்திருக்கும் ஒரு நொதியை அது அடைக்கிறது. இங்கேயும் புல் தப்புவது செரிக்கும் வேகத்தால்தான். இந்த வேக வித்தியாசம் முழுக் கட்டுரைக்கும் அச்சாணி. அளவு கூடினால் வித்தியாசம் சுருங்கும். புல் வெயிலில் வாடிக் கிடந்தால் சுருங்கும். பதித்துப் பத்து நாளான இளம் புல்லாக இருந்தால் சுருங்கும். 'தேர்ந்து கொல்லும்' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது நிபந்தனைக்கு உட்பட்ட வாக்குறுதி. நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியது தெளிப்பவர்.

முதல் நிபந்தனை, நம்முடையது என்ன புல் என்று தெரிந்திருப்பது. சிரிக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நர்சரியில் 'மெக்சிகன்', 'கொரியன்', 'பஃபலோ', 'பெர்முடா' என்று நாட்டுப் பெயரும் மாட்டுப் பெயருமாகச் சொல்லி விற்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு புற்களும் போகின்றன. அருகும் கொரியன் புல்லும் 2,4-டியை ஓரளவு தாங்கும். நிழலுக்கென்று போடும் அகன்ற இலைப் புற்களான செயின்ட் அகஸ்டின், கார்ப்பெட் புல் ஆகியவை தாங்காது, வெயிலில் அடித்தால் மஞ்சளித்துப் படுத்துவிடும். அட்ரசின் என்ற களைக்கொல்லி இதற்கு நேர் தலைகீழ். செயின்ட் அகஸ்டின் புல் அதைத் தாங்கும், பச்சையாக வளரும் அருகுக்கு அது ஆபத்து. ஒரு வீட்டில் பலித்தது பக்கத்து வீட்டில் தரையையே காயவைப்பது இதனால்தான். ராசி பார்த்துப் பயனில்லை.

அடுத்து, களை என்ன வகை. நம் புல்தரைகளில் முளைக்கும் அகன்ற இலைக் களைகளின் பட்டியலைப் படித்தால் நாட்டு மருந்துக்கடையில் நிற்பது போல இருக்கும்: கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, புளியாரை, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தொட்டாற்சுருங்கி. இவற்றுக்கு 2,4-டி வகை வேலை செய்யும். கோரைக்கு அதே மருந்தை அடித்தால் மேலிலை கருகும், கிழங்கு அசையாது. இரண்டு வாரம் சந்தோஷம், பிறகு பழைய கதை. கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான்தான் கிழங்குவரை இறங்குகிறது. அதுவும் மூன்று முதல் எட்டு இலை விட்டு நன்றாக வளரும் பருவத்தில் அடித்தால். புல்லுக்குள் வரும் புல் இனக் களைகள் வேறு கதை. முளைத்தபின் அவற்றைத் தேர்ந்து கொல்வது கடினம், முளைக்குமுன் பெண்டிமெத்தலின் போன்றவற்றால் தடுப்பதே வழக்கம். காக்காய்கால் புல்லோ பிற விதைக்களையோ சில திட்டுகள்தான் என்றால் கையால் பிடுங்குவதே மேல் என்பது என் கட்சி. கோரையைப் போல அவற்றுக்குக் கிழங்குச் சரம் கிடையாது.

இப்போது அளவு. தமிழ்நாட்டில் களை மருந்து விபத்துகளின் பிறப்பிடம் 'ஒரு டேங்குக்கு எத்தனை மூடி?' என்ற கேள்வி என்று துணிந்து சொல்வேன். மருந்தின் அளவு தண்ணீருக்கு அல்ல, தரைக்கு. ஒருவர் ஒரு டேங்கில் அரை கிரவுண்டு அடிப்பார், இன்னொருவர் அதே டேங்கில் இரண்டு கிரவுண்டு ஓடிவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே மூடிக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 75 சதவீத ஹாலோசல்ஃப்யூரான் குருணை நம் நாட்டில் கரும்புக் கோரைக்கு ஏக்கருக்கு 36 கிராம் என்று விற்கிறது. அமெரிக்காவில் புல்தரைக்கென்றே எழுதிய விளக்கச் சீட்டில் உள்ள உச்ச அளவும் ஏறக்குறைய அதுதான். ஏக்கருக்கு 36 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 90 கிராம், நூறு சதுர மீட்டருக்கு 0.9 கிராம். சென்னைக் கணக்கில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடிப் புல்தரைக்குச் சரியாக ஒரு கிராம். ஒரு கிராம்! பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணால் பார்த்துத் தட்டினால் மூன்று கிராம் விழுந்தது கூடத் தெரியாது. நான் இதற்கென்று வாங்கியது நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன மின்தராசு. மருந்தின் விலையைவிடத் தராசின் விலை அதிகம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேள்வி வந்தது. வரட்டும்.

தண்ணீர்க் கணக்கும் சிரமமில்லை. பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் தெளித்து, டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். ஐந்து லிட்டர் குறைந்தால் நம் நடைக்கு நூறு சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர், அந்த ஐந்து லிட்டரில் 0.9 கிராம். நடை மாறினால், நாசில் மாறினால், ஆள் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு வைத்திருக்கும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, பெரிய துளியாய் விழும் தட்டை விசிறி நாசில் மாட்ட வேண்டும். பனிபோல் தூவினால் மருந்து நம் வேலியோடு நிற்காது.

வேலி தாண்டுவது சாதாரண விஷயமில்லை. மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்த காட்டுக்குப் பக்கத்தில் பருத்தி வைத்தவரைக் கேட்டால் தெரியும். பருத்தி இலை விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலை மாதிரி ஆகிவிடும். பருத்தி, தக்காளி, கத்தரி, திராட்சை நான்கும் இந்த மருந்துக்கு மிக நொய்ந்தவை. நகரத்தில் பருத்தி இல்லை, ஆனால் அடுத்த வீட்டு மாடியில் தக்காளித் தொட்டி இருக்கிறது. 2,4-டி நம் கடைகளில் சோடியம் உப்பு, அமைன் உப்பு, எத்தில் எஸ்டர் என்று மூன்று உருவில் கிடைக்கிறது. எஸ்டர் வகை அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகி நகரும். சித்திரை வெயிலில் சென்னையில் எஸ்டர் அடிப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் துரோகம். எந்த உருவாக இருந்தாலும், இலையில் நீர்ப்பனி காய்ந்தபின் வெயில் ஏறுமுன் உள்ள காலைப்பொழுதுதான் ஏற்றது. இலை லேசாக அசையும் காற்றுக்குமேல் இருந்தால் அன்று வேலையை விட்டுவிட வேண்டும். கோரைக்கு அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டக்கூடாது. இலைப்பரப்பு இருந்தால்தான் மருந்து உள்ளே போகும். அடித்து நான்கு மணி நேரத்துக்குள் தண்ணீர் பாய்ச்சக்கூடாது. பிறகு பொறுமை வேண்டும். கோரை மஞ்சளிக்கவே இரண்டு வாரம் ஆகும். ஐந்தாம் நாள் "ஒண்ணும் ஆகலையே" என்று மறுபடி அடிப்பவர்கள்தான் புல்லையும் சேர்த்து இழக்கிறார்கள்.

தெளிப்பவர் உடம்புக்கு வருவோம். மருந்து பெரும்பாலும் மூக்கால் அல்ல, தோலால் போகிறது. அதிலும் தண்ணீர் கலக்காத சரக்கை அளந்து ஊற்றும் அந்த ஒரு நிமிடத்தில் கைவழியாக. 2,4-டி அமைன் கண்ணில் தெறித்தால் கடுமையாகப் புண்ணாக்கும். முழுக்கை, கையுறை, கண்ணாடி, காலில் பூட்ஸ் என்று எல்லாச் சீட்டிலும் இருக்கிறது. நாம் அனுப்புகிற ஆளோ லுங்கியை மடித்துக் கட்டி வெறுங்காலில், அடித்த ஈரத்தின் மேலேயே முன்னால் நடந்து போகிறார். முதுகில் டேங்க் மூடி கசிகிறது. பின்னோக்கி நடந்து அடித்தால் பாதி தொல்லை தீரும், இதற்குக் காசும் ஆகாது. மீந்த மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? முறிவு மருந்தே இல்லாத பாரகுவாட் களைக்கொல்லியும் அதே அலமாரியில் விற்கப்படும் நாடு இது. களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயர் களைக்கொல்லிக்கு மட்டும்தான். ஒருமுறை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவியதாக நம்பி, அதே டேங்கில் வேப்பெண்ணெய்க் கரைசல் கலந்து ரோஜாவுக்கு அடித்தேன். புதுத் துளிர் எல்லாம் பாம்புக்குட்டி மாதிரி சுருண்டது. கை என்னுடையது, வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மருந்தும் இன்ன பயிருக்கு, இன்ன களைக்கு, இன்ன அளவில் என்று பதிவாகிறது. டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் அதன் நச்சுத்தன்மையின் படிநிலை. உள்ளே மடித்து வைத்த சீட்டில் எறும்பு எழுத்தில் தமிழும் இருக்கும். அதில் கரும்பும் மக்காச்சோளமும் இருக்கும், உங்கள் லான் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் இல்லை என்றே பொருள். அப்படி ஒரு நிலையில் வேளாண் பல்கலைக்கழகக் களையியல் துறையிடமோ வேளாண் அலுவலரிடமோ எழுதிக் கேட்பதுதான் முறை. கடைக்காரர் வாய்மொழி அதற்கு ஈடாகாது. 2,4-டியின் நிலையும் உறுதியானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. இந்திய அரசு 2020-ல் வெளியிட்ட தடை வரைவின் 27 மருந்துகளில் அதுவும் பெண்டிமெத்தலினும் இருந்தன, பின்னர் தடையிலிருந்து தப்பின.

சீட்டில் இருப்பதை அப்படியே செய்தும் கெட்டுப்போன கதைகள் உண்டு. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் 'இம்ப்ரெலிஸ்' என்ற புல்தரைக் களைக்கொல்லியை 2010-ல் பதிவு செய்தது. குறைந்த அளவு, மனிதருக்கு நச்சுக் குறைவு என்று பெரிய நம்பிக்கையோடு வந்தது. அடுத்த கோடையில் லான் ஓரத்து ஸ்புரூஸ், பைன் மரங்கள் நுனி முறுக்கிப் பழுத்துச் சாக ஆரம்பித்தன. புல்லுக்கடியில் மரத்தின் வேர் ஓடுகிறது என்பதை வேர் மட்டுமே நினைவில் வைத்திருந்தது. 2011 ஆகஸ்டில் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்னொரு மருந்து குளோபைராலிட். லானில் அடித்தார்கள், வெட்டிய புல்லை நகராட்சி மக்கவைத்து எருவாக விற்றது, அந்த எருவைப் போட்ட வீடுகளில் தக்காளிச் செடி கோணிக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இது பெரிய சண்டையாகி, 2002-ல் வீட்டுப் புல்தரைப் பயன்பாட்டைத் தயாரித்த நிறுவனமே விலக்கிக்கொண்டது. அதன் உறவுக்கார மருந்தான அமினோபைராலிட், மாடு தின்று சாணமாகப் போட்ட பிறகும் வேலை செய்தது. பிரிட்டன் தோட்டக்காரர்கள் 2008-ல் அதைத் தங்கள் உருளைக்கிழங்குச் செடிகளில் கண்டார்கள். கனடா இந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்டது. அழகுக்காக மட்டும் மருந்து எதற்கு என்று கியூபெக்கின் ஹட்சன் ஊராட்சி 1991-ல் தடை போட்டது, 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது, 2009-ல் ஒன்டாரியோ மாநிலம் முழுவதும் அந்தத் தடை வந்துவிட்டது.

கனடாவின் வழி எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கோரை அவர்கள் லானில் இல்லை. ஆனால் மருந்துக்கு முன்னால் செய்யக்கூடியது நம்மிடம் நிறைய இருக்கிறது. எங்கள் கோரை எங்கிருந்து வந்தது? புல் பதிக்குமுன் கொட்டிய செம்மண் லோடிலிருந்து. இன்றைக்கு ஒரு லோடு மண் வந்தால் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து முளைக்க விட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம். புல்லை மொட்டையடிப்பதையும் நிறுத்தினோம். ஒட்ட வெட்டினால் வெயில் மண்ணில் விழும், விழுந்த இடத்தில் களை முளைக்கும். தினமும் நீர் தெளித்து மேல்மண்ணைச் சொதசொதவென்று வைத்தால் கோரைக்குக் கொண்டாட்டம்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் லானில் உணவு தேடுபவர்கள் குறைவு. இங்கே காலை நடைக்கு வருபவர் சாறு போட ஒரு பிடி அருகம்புல் கிள்ளிப் போகிறார். பாட்டி ஒருத்தி பொன்னாங்கண்ணி ஆய்கிறார். தோட்டக்காரர் கோரைக்கிழங்கைக் கழுவிக் காயவைத்து, பேத்திக்கு நலங்கு மாவில் சேர்க்க எடுத்துப் போகிறார். வெட்டிய புல் மாட்டுக்குப் போகிறது. ஆவணி வந்தால் பிள்ளையார் சதுர்த்திக்கு அருகு பறிக்கத் தெருவே வருகிறது. கோரை துளிர்த்து மருந்துக்குத் தோதாக நிற்பதும் அதே மழைக்காலத்தில்தான்.

போன ஆண்டு அடித்தபோது வாசலில் ஒரு பலகை வைத்தோம்: 'களை மருந்து அடித்துள்ளது. புல், கீரை, கிழங்கு பறிக்க வேண்டாம். மாட்டுக்குப் போட வேண்டாம்.' எந்தத் தேதியில் அடித்தோம் என்று எழுத மறந்துவிட்டோம். எட்டு மாதமாகப் பலகை அங்கேயே இருக்கிறது. இப்போது அதன் காலடியில் உட்கார்ந்துதான் அந்தப் பாட்டி கீரை ஆய்கிறார்.